கலைச்சொல் விவாதம்: டைரக்டரி விதிக்குத் தமிழில் என்ன பெயர்?

> மேண்டேட்டரி (mandatory, மீறினால் செயல் செல்லாது) என்பதைக் ‘கட்டாய விதி’ என்கிறோம். டைரக்டரியை (directory, மீறினாலும் நீதிமன்றம் பொறுத்து ஏற்கலாம்) ‘வியங்கோள் விதி’ எனலாமே? ஏவலைப் போல் அதட்டாமல் ‘செய்க’ என்று சொல்வதுதானே அது.

ஐயா,

சொல் காதுக்கு இனிக்கிறது, வழக்கில் வைத்தால் நிற்காது. ஏவலும் வியங்கோளும் வினைமுற்றின் வடிவைக் குறிப்பவை. நீதிமன்றம் பார்ப்பதோ, விதியை மீறினால் என்ன ஆகும் என்பதை.

உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 8 விதி 1: அழைப்பாணை சார்வான (பிரதிவாதியிடம் சேர்ந்த) நாளிலிருந்து 30 நாளுக்குள் அவர் எதிருரை, அதாவது வழக்குக்கான எழுத்துப் பதில், தாக்கல் செய்ய வேண்டும், காரணம் பதிந்து நீட்டித்தாலும் 90 நாளைத் தாண்டக் கூடாது. 2002 திருத்தத்தின் வாசகம் அவ்வளவு கறாரானது. ஆனாலும் 2005-இல் கைலாஷ் எதிர் நன்ஹ்கு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை டைரக்டரி என்றது. அதே ஆண்டு சேலம் வழக்கறிஞர் சங்க வழக்கிலும் அதுவே முடிவு. 90 நாள் கடந்தால் என்ன விளைவு என்று அந்த விதி சொல்லவில்லை என்பது முக்கியமான காரணம்.

வணிக நீதிமன்றங்கள் சட்டம் (2015) அந்தக் குறையை அடைத்தது. வணிக வழக்குகளில் 120 நாள் கடந்தால் எதிருரை தரும் உரிமை இழப்பு, நீதிமன்றமும் அதைக் கோப்பில் ஏற்கக் கூடாது என்று விளைவையும் சேர்த்து எழுதிவிட்டது. 2019-இல் உச்ச நீதிமன்றம் அதைக் கட்டாயம் என்றது. ஒரே விதி எண், இரண்டிலும் அதே ‘வேண்டும்’. வினை வடிவை வைத்துப் பெயரிட்டால் இந்த வேறுபாடு கண்ணிலேயே படாது.

சிலர் எழுதும் ‘வழிகாட்டு விதி’ இன்னும் ஆபத்தானது. வழிகாட்டுதல் என்றால் விரும்பினால் பின்பற்றலாம் என்று கட்சிக்காரர் எண்ணுவார். டைரக்டரியும் ஆணைதான். 91-ஆம் நாள் வருபவர் தாமதத்துக்கு மனுப் போட்டு, விதிவிலக்கான காரணத்தைக் காட்ட வேண்டும். நீதிமன்றம் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், செலவுத்தொகையும் விதிக்கலாம். ‘நெகிழ்விதி’யும் சரியில்லை. விதி தானே நெகிழ்வதில்லை, நீதிமன்றம் தளர்த்துகிறது. அதனால் என் பரிந்துரை: தளர்த்தத்தகு விதி.

> தளர்த்தத்தகு விதி

அம்மா, ‘தகு’ நன்றாக அமைந்திருக்கிறது. ஒரு சிக்கல் மட்டும்: யார் தளர்த்துவது? அதே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 80-ஐப் பாருங்கள். அரசின் மீது வழக்கிடுமுன் இரண்டு மாத அறிவிப்பு தர வேண்டும். அவசர நிவாரணத்துக்கு நீதிமன்ற அனுமதியுடன் வழக்கிடலாம் என்ற வழி 1976 திருத்தத்தில் வந்தது. மற்றபடி அது கட்டாய விதி, நீதிமன்றம் இரக்கப்பட்டுத் தளர்த்த முடியாது. ஆனால் அந்த அறிவிப்பு அரசின் நலனுக்காக வைத்தது. அரசே வேண்டாமென்று விட்டுவிட்டால் வழக்கு நிற்கும் என்று 1947-இலேயே, அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் சொல்லியிருக்கிறது. படிப்பவர் இதையும் ‘தளர்த்தத்தகு’ என்று எழுதிவிடுவார்.

ஐயா, சரியான இடம். கட்சிக்காரர் கைவிடுவதற்கு வேறு சொல் வைத்துவிடுவோம்: விட்டுத்தரத்தகு. அப்படியானால் பிரிவு 80 கட்டாய விதி, ஆனால் விட்டுத்தரத்தகுவது. கட்டளை 8 விதி 1, வணிக வழக்கல்லாதவற்றில் தளர்த்தத்தகு விதி. எதிர்த்தரப்பு ஒப்பினாலும் நீதிமன்ற ஆணை வேண்டும். சொற்பட்டியலில் இரண்டையும் அடுத்தடுத்து, இந்த எடுத்துக்காட்டுகளோடு பதிந்துவிடலாம்.