‘காரும்’ வேண்டாம், ‘மீன்தேறல்’ என்று வைத்துக்கொள்வோமா?

அனைவருக்கும் வணக்கம். பழைய உரோமானியர் சமையலில் ஊற்றிய ‘காரும்’ (garum) என்ற உப்பு மீன்நீருக்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். அதற்கு ஒருவர் இப்படிச் சொல்லியிருந்தார்:

> ‘மீன் ஊறுகாய்ச் சாறு’ என்றே வைத்துவிடலாமே, படிப்பவருக்கு உடனே புரியும்.

ஐயா, புரியும்தான், ஆனால் தப்பாகப் புரியும் என்பதுதான் என் கவலை. ஊறுகாய் என்றதுமே மிளகாய்த்தூளும் நல்லெண்ணெயும் நினைவுக்கு வந்துவிடும். இலத்தீன் சொல்லை ‘காரும்’ என்று அப்படியே எழுதினாலும் இதே சிக்கல்தான். உரோமானியர் சமையல் பற்றி நான் எழுதிய ஒரு கட்டுரையில், மெய்ப்புப் பார்த்தவர் எழுத்துப்பிழை என்று நினைத்து அதைக் ‘காரம்’ ஆக்கிவிட்டார். ‘உரோமானியர் கறியில் காரம் ஊற்றினார்கள்’ என்றே அச்சாகிவிட்டது. மிளகாய் ஐரோப்பாவுக்குப் போனதே கொலம்பசுக்குப் பிறகு! எனக்கு இன்னும் அது உறுத்துகிறது.

முதலில் பொருளைப் பார்ப்போம். மீனின் குடல், செவுள், இரத்தம், சில சமயம் நெத்தலி மாதிரியான பொடிமீனை முழுசாகவே உப்போடு சேர்த்து வெயிலில் இரண்டு மூன்று மாதம் விட்டுவிடுவார்கள். உப்பு இருப்பதால் அழுகாது, மீன் குடலில் இருக்கிற நொதிகளே சதையைக் கரைத்து நீராக்கிவிடும். அப்புறம் நெருக்கிப் பின்னிய கூடை ஒன்றைப் பாத்திரத்துக்குள் இறக்குவார்கள். கூடைக்குள் கசிந்து நிறைகிற தெளிந்த நீர்தான் இந்தக் ‘காரும்’. வெளியே நிற்கிற கூழ் ‘அல்லெக்’, அது மலிவு. ஒலிவக்காய் தீர்ந்துபோனால் பண்ணையாட்களுக்கு அல்லெக்கும் காடியும் (வினிகர்) கொடுக்கச் சொல்கிறார் வேளாண்மை நூல் எழுதிய பழைய உரோமானியர் கேட்டோ.

ஆக, இதில் முக்கியம் ஊறுவதல்ல, தெளிவது. அதனால்தான் ‘தேறல்’ என்கிறேன். தேற்றாங்கொட்டையை உரைத்தால் கலங்கல் தண்ணீர் தேறுகிறதே, அதே தேறு. ‘யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்’ என்று புறநானூறு 56இல் வருவது மதுவைத்தானே என்று கேட்பீர்கள். உண்மைதான், அதனால்தான் ‘மீன்’ என்ற முன்னொட்டைக் கட்டாயம் வைக்கச் சொல்கிறேன். இன்னொன்றும் உண்டு. அரிக்கமேட்டில் கிடைத்த சாடித் துண்டுகளில் மதுச்சாடிகளோடு ஸ்பெயினின் மீன்தேறல் சாடிகளும் இருந்ததாக ஆய்வாளர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள், அதாவது யவனர் கொண்டுவந்த இரண்டு தேறலுமே நம் கரையில் இறங்கியிருக்கின்றன. இது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

கூட்டுச்சொல்லுக்கும் இது வளைகிறது. காடி கலந்தது காடிமீன்தேறல், தண்ணீர் கலந்தது நீர்மீன்தேறல். ‘மீன் சாறு’ என்று வைத்தால் மீன் எலும்பு வேகவைத்த சாற்றோடு குழம்பிப்போகும்.

அல்லெக்குக்கு ‘மீன்மண்டி’ என்று அக்கா ஒருவர் சொல்லியிருந்தார். மண்டி என்றால் அடியில் தங்குவது, பொருள் மிகச் சரி, ஆனால் மீன்மண்டி என்று படித்ததும் எல்லோரும் மொத்த வியாபாரக் கடைக்குத்தான் போவார்கள். ‘கசடு’ என்றால் தூக்கியெறிகிற பொருள் போலத் தோன்றுகிறது, இதுவோ மக்கள் சாப்பிட்டது. ‘மீன்வண்டல்’ எனக்குப் பிடித்திருக்கிறது, ஆற்று வண்டலை யாரும் வீண் என்று சொல்வதில்லை.

சொல் நிற்குமா என்று பார்க்க, எரிமலைச் சாம்பலில் புதைந்துபோன உரோமானிய ஊரான பொம்பெயியில் இதைக் காய்ச்சி விற்ற அவுலுஸ் உம்ப்ரிசியுஸ் ஸ்காவ்ருஸ் என்பவர் வீட்டுத் தரையை எடுத்துக்கொண்டேன். அந்தத் தரைச் சித்திரத்தில் அவர் விற்ற குப்பிகளே இருக்கின்றன, குப்பி மேல் சரக்கின் பெயரும் சுருக்கெழுத்தில் இருக்கிறது. விரித்தால் ‘கானாங்கெளுத்தி காருமின் பூ’ என்று வரும். பூ என்றால் அவர்களுக்கு இருப்பதிலேயே உயர்ந்தது. தேங்காயில் முதலில் பிழிவதைத் தலைப்பால் என்கிறோமே, அதே போல ‘கானாங்கெளுத்தித் தலைத்தேறல்’ என்று எழுதிப் பார்த்தேன், உட்கார்ந்துவிட்டது. ‘காய்ச்சி’ என்று மேலே எழுதிவிட்டேன், அது தவறு, அடுப்பே கிடையாது, வெயில் மட்டும்தான். இதற்கு ‘வடித்து’ என்பதா ‘தேற்றி’ என்பதா, வினைச்சொல்லையும் சேர்த்தே முடிவு செய்துவிடலாம், சொல்லுங்கள்.