சான்றிதழ் தொங்கிய விலங்கு மருத்துவமனையில் நீங்கள் கண்டது என்ன?

சாம்பல்பூனை:
பூனையைக் கருத்தடைக்குத்தான் விட்டிருந்தோம். வரவேற்பறைச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தரச் சான்றிதழ். போர்வையைக் கொடுக்க மறந்துவிட்டதால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். கூண்டில் தனியாகக் கிடந்தது. நாக்கு வெளியே, கண்கள் திறந்தபடி. காதைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. அறையில் ஒருவரும் இல்லை. பக்கத்து அறையில் சிரிப்புச் சத்தம். பிழைத்துக்கொண்டது. திரும்பும்போதுதான் சான்றிதழை வாசித்தேன்: காலாவதியாகி நான்கு ஆண்டுகள்.

கறுப்புவால்:
அப்படியென்றால் அது சான்றிதழே இல்லை, வெறும் படம். சான்றிதழ் முறையை ஏன் திட்டுகிறீர்கள்? என் நாய்க்கு மயக்கம் கொடுக்காமல் பல் சுத்தம் செய்யச் சொல்லிக் கெஞ்சினேன். சான்று பெற்ற இடத்தில் மறுத்துவிட்டார்கள். முழு மயக்கமும் மூச்சுக்காகத் தொண்டைவழி செருகும் குழாயும் இல்லாமல் செய்யக்கூடாதென்பது, சான்று தரும் அமெரிக்க விலங்கு மருத்துவமனைச் சங்கம் 2013-இல் கட்டாயமாக்கிய விதியாம். கோபித்துக்கொண்டு வேறிடம் போனேன். அமுக்கிப் பிடித்துச் சுரண்டினார்கள். மேலே பளபளப்பு, ஈறுக்கு உள்ளே சீழ். மூன்று பற்கள் போயின.

பழைய உதவியாளர்:
சான்றிதழுக்கான ஆய்வுக்கு முந்தைய இரவு, தடுப்பூசிக் குளிர்பெட்டியின் வெப்பநிலைப் பதிவேட்டை உட்கார்ந்து நிரப்பியது நான்தான். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கும் "4" என்றே எழுதினேன், ஒரே பேனாவால். ஆய்வாளர் பக்கத்தைப் புரட்டினார். "மின்சாரம் போன அன்றும் 4-தானா?" என்றார், குரலை உயர்த்தாமல். காது மடல் எரிந்தது.

முயல்வளர்ப்பவர்:
என் முயலுக்குத் தையல் பிரிந்தது, அவ்வளவுதான். ஆனால் எல்லோருக்கும் ஒன்று சொல்கிறேன். மயக்க மருந்தால் இறக்கும் பூனைகளில் பாதிக்கும் மேல் இறப்பது அறுவை முடிந்த பிறகு, பெரும்பாலும் முதல் மூன்று மணி நேரத்துக்குள். ஆகவே "தெளியும்வரை பக்கத்தில் இருப்பவர் யார்?" என்று பெயரோடு கேளுங்கள். மயக்கத்தைக் கவனிக்கத் தனி ஆள் உண்டா, வெளிமூச்சின் கரியமிலவாயுவை அளக்கும் கருவி உண்டா என்றும் கேளுங்கள். கிருமிநீக்கிய அறுவைக் கருவிப் பொதியின் மேல் ஒட்டும் நாடாவில் கறுப்புக் கோடு தெரிந்தால் நம்பிவிடாதீர்கள். வெளியே சூடு பட்டது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. பொதிக்குள்ளும் சூடு எட்டியதைக் காட்டும் பட்டை ஒன்று இருக்க வேண்டும். தொற்றுநோய் வார்டு தனியா, நாய் குரைப்பு கேட்காத இடத்தில் பூனைகளை வைக்கிறார்களா...

சாம்பல்பூனை:
நான் ஆலோசனை கேட்கவில்லையே. கறுப்புவால், முறையை நான் திட்டவும் இல்லை. அந்தக் காலாவதித் தேதிக்கு நேர் கீழேதான் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.