உயரம் குறைந்தவருக்கு ஏற்ற பிசிடி: ஜாக்கெட் வகையா, முதுகுப்பை வகையா?

கேள்வி

வணக்கம். முதுகில் காற்றுச் சிலிண்டருடன் கடலில் மூழ்கும் ஸ்கூபா பயிற்சியின் முதல் நிலையை முடித்தபின், புதுச்சேரியிலும் அந்தமானின் ஹேவ்லாக் தீவிலும் வாடகைக் கருவிகளுடன் கடலில் இறங்கி வருகிறேன். என் உயரம் 155 செ.மீ. வாடகைக்குக் கிடைக்கும் பிசிடி (சிலிண்டரைத் தாங்கி, காற்றை நிரப்பியும் வெளியேற்றியும் மிதப்பைக் கட்டுப்படுத்தும் மேலுடை) எதுவானாலும், நீர்ப்பரப்பில் காற்றை நிரப்பியவுடன் மேலேறிக் காதுகளை நெருக்குகிறது. சிலிண்டரும் முதுகில் ஒருபுறமாகச் சரிகிறது. ஆகையால் சொந்தமாக ஒன்று வாங்க எண்ணுகிறேன். விலாவைச் சுற்றிக் காற்று நிரம்பும் ஜாக்கெட் வகை நல்லதா, முதுகுப்புறம் மட்டும் நிரம்பும் வகை நல்லதா? தூக்குதிறன் கூடக்கூடப் பாதுகாப்பும் கூடும் என்று கடைக்காரர் சொல்வது சரியா?

மறுமொழி 1

கடைக்காரரின் கருத்தை நான் ஏற்கவில்லை. பிசிடி தாங்க வேண்டியது உங்கள் உடல் எடையை அன்று. 11 லிட்டர் அலுமினிய சிலிண்டரில் 200 பார் (அழுத்த அலகு) அளவுக்கு அடைக்கப்பட்ட காற்றே சுமார் இரண்டரை கிலோவுக்கு மேல் எடையுள்ளது. அதை ஈடுகட்ட வேண்டும். அடுத்து, ஆழத்தில் வெட்சூட் (உடல் குளிராமல் காக்கும் ரப்பர் உடை) நசுங்கி இழக்கும் மிதப்பை ஈடுகட்ட வேண்டும். அந்தமான் போன்ற வெதுவெதுப்பான கடலில் அணியும் 3 மி.மீ. உடைக்கு அது பெரிய அளவன்று. இவற்றோடு, நீர்ப்பரப்பில் தலையை வெளியே நிறுத்தச் சில கிலோ சேர்த்துக்கொண்டாலும், 12 அல்லது 13 கிலோ தூக்குதிறன் உங்களுக்குத் தாராளம்.

பொருத்தம்தான் முதன்மையானது. கடையில் வெட்சூட்டின்மேல் அணிந்து, வார்களை இறுக்கி, முழுவதும் காற்றை நிரப்பிப் பாருங்கள். மூச்சை இழுக்கையில் மார்பு நெருக்கப்படக் கூடாது. தோள்வாரை ஒருவர் மேல்நோக்கி இழுத்தாலும் பிசிடி நகரக் கூடாது. மேலேறும் தொல்லைக்குப் பெரும்பாலும் உடற்பகுதியின் நீளம் பொருந்தாததே காரணம். பெண்களுக்கெனத் தைக்கப்பட்ட அளவுகளையும், கால்களுக்கிடையே செல்லும் வார் கொண்டவற்றையும் முதலில் பாருங்கள்.

என் தேர்வு முதுகுப்புறம் நிரம்பும் வகை. நீருக்கடியில் உடல் கிடைமட்டமாக எளிதில் நிற்கும், விலாவும் நெருக்கப்படாது. நீர்ப்பரப்பில் அது முகத்தை முன்னோக்கித் தள்ளுகிறது என்ற குறை உண்மையே. ஆனால் காற்றைத் தேவைக்குமேல் நிரப்பாமல், சற்றுப் பின்னால் சாய்ந்து மிதக்கப் பழகினால் அது பொருட்டாகாது.

மறுமொழி 2

வகையைப் பற்றி எனக்கு அவ்வளவு உறுதியான கருத்து இல்லை. ஜாக்கெட்டில் நிறைவாக இருப்போர் பலர். விமானத்தில் எடுத்துச் செல்வதானால், உள்நாட்டுப் பயணத்தில் பொதுவாக 15 கிலோவே சரக்கு வரம்பு என்பதால், இலகுவான பயண வகைகளையே நாடுங்கள்.

நான் வலியுறுத்த விரும்புவது, நீரில் அமிழ்வதற்காக இடுப்பில் கட்டும் ஈய எடையைத்தான். தேவைக்குமேல் மூன்று கிலோ கட்டினால், அதைச் சமன்செய்ய மூன்று லிட்டர் காற்றைக் கூடுதலாகப் பிசிடியில் சுமக்க வேண்டும். 10 மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் பரப்பிலுள்ளதைப்போல் இருமடங்கு. ஆகவே அங்கிருந்து மேலே வருவதற்குள் அந்தக் காற்று, வெளியேற்றாவிட்டால், இருமடங்காக விரிந்துவிடும். கட்டுப்பாடின்றி மேலெழும்புவது பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. சிலிண்டரில் 50 பார் எஞ்சியிருக்கும்போது பிசிடியைக் காலியாக்கி, இயல்பான மூச்சை நிறுத்திப் பாருங்கள்: நீர்மட்டம் கண்ணளவில் நின்று, மூச்சை விட்டதும் மெல்ல அமிழ்ந்தால் எடை சரி. அலுமினிய சிலிண்டர் காலியாகும் தறுவாயில் தானே மிதக்கத் தொடங்கும் என்பதால், இச்சோதனையை நீச்சல் முடியும் வேளையில் செய்வதே நம்பகமானது.

கேள்வி கேட்டவர்

விளக்கங்களுக்கு மிக்க நன்றி. மேலே வரத் தொடங்கும்போது காற்றைச் சிறிது நிரப்பிக்கொள்ளலாமா? உடன் வருவோர் சிலர் அப்படிச் செய்கிறார்கள்.

மறுமொழி 3

வேண்டாம். துடுப்பை மெல்ல அசைத்தே மேலெழுங்கள். பிசிடியில் காற்றை நிரப்பவும் வெளியேற்றவும் உதவும் இன்ஃப்ளேட்டர் குழாயை இடக்கையால் உயர்த்திப் பிடித்து, விரியும் காற்றைச் சிறிது சிறிதாக வெளியேற்றுங்கள். காற்று மேட்டைத்தான் நாடும். ஆகவே திறக்கும் வால்வு உடலின் மிக உயர்ந்த இடத்தில் இருக்க வேண்டும். நிமிர்ந்திருந்தால் தோள் வால்வு, தலை தாழ்ந்திருந்தால் இடுப்பருகே உள்ள பின்வால்வு. நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேற்படாமல் ஏறி, 5 மீட்டரில் மூன்று நிமிடம் நில்லுங்கள்.

காற்று நிரப்பும் பித்தான் சிக்கிக்கொண்டு காற்று தானே நிரம்புவதும் உண்டு. அப்போது ஒரு கையால் காற்றை வெளியேற்றியபடி, மறுகையால் சிலிண்டரிலிருந்து காற்றைக் கொண்டுவரும் குழாயின் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். வாங்கிய பிசிடியில் இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் அளவுக்குக் கரையிலேயே பழகுங்கள். இது உயிர்காப்பு உடை அன்று என்பதையும் நினைவில் வையுங்கள். நினைவிழந்தவரின் முகத்தை நீருக்கு மேலே நிறுத்தும் என்ற உறுதி இதில் இல்லை.

பித்தான் சிக்குவதற்கு உப்புப் படிவதும் ஒரு காரணம். ஒவ்வொரு நாளும் வெளிப்புறத்தோடு பையின் உள்ளேயும் நன்னீர் விட்டுக் குலுக்கி வடியுங்கள்; பிறகு பாதியளவு காற்றுடன் நிழலில் தொங்கவிடுங்கள். பழையதை வாங்குவதானால், முழுவதும் காற்று நிரப்பி ஓரிரவு வைத்து, காலையில் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்தபின் பணம் கொடுங்கள்.