அறிவியல் புனைகதையில் ஆசிரியரைத் திட்டுகிறோம், துன்பியல் நாவலில் கதாநாயகியைத் திட்டுகிறோம். ஏன்?

பக்கமடிப்பவர் கேட்டது:

எங்கள் வாசிப்புக் குழுவில் ஒரு மாதம் அறிவியல் புனைகதை, மறு மாதம் பழைய செவ்வியல் நாவல் என்று மாற்றி மாற்றி வைத்துக்கொள்கிறோம். எதைப் படிப்பது என்ற சண்டையைத் தவிர்க்கத்தான் இந்த ஏற்பாடு. சண்டை வேறு வாசல் வழியாக வந்துவிட்டது.

புயலில் சிக்கி ஒரு விண்வெளி வீரன் செவ்வாயில் தனியாக மாட்டிக்கொள்ளும் 'தி மார்ஷியன்' நாவலைப் பற்றிப் பேசிய அன்று நண்பர் ஒருவர் எங்களை முதல் அத்தியாயத்தைத் தாண்டவே விடவில்லை. செவ்வாயின் காற்றழுத்தம் பூமியினுடையதில் ஒரு சதவீதம்கூட இல்லை. அந்தக் காற்றில் எத்தனை பெரிய புயல் அடித்தாலும் ஆளைத் தூக்கி எறியாது, கலத்தைச் சாய்க்காது. கதையின் அஸ்திவாரமே பொய் என்றார். ஆசிரியர் ஆண்டி வியரே அதை ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று சொன்னோம். அவருக்குக் கோபம் கூடியதுதான் மிச்சம்.

அதே மனிதர் அடுத்த மாதம், கணவனிருக்க வேறொருவனைக் காதலிக்கும் பெண்ணைப் பற்றிய டால்ஸ்டாயின் 'அன்னா கரேனினா'வுக்கு வந்தார். தொடக்கத்தில் ரயில் நிலையத்தில் ஒரு காவலாளி சக்கரத்தில் சிக்கிச் சாகிறான். கடைசியில் அன்னாவும் ரயிலின் முன் விழுகிறாள். எவ்வளவு வசதியான பொருத்தம்! அதைப் பற்றி அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கண்கலங்கினார் என்றே சொல்ல வேண்டும். டால்ஸ்டாயின் மேல் துளி வருத்தமில்லை. கோபம் முழுக்க அன்னாவின் மேல். "விவாகரத்து தருகிறேன் என்று கணவன் சொன்னபோது வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதானே?"

இன்னொரு தோழி, தாமஸ் ஹார்டியின் 'ஜூட் தி அப்ஸ்க்யூர்' நாவலில் குழந்தைகள் இறக்கும் இடத்தில் புத்தகத்தை மூடியவர், பிறகு திறக்கவே இல்லை. 1895-இல் அது வெளிவந்தபின் ஒரு பிஷப், தன் பிரதியைத் தீயில் போட்டுவிட்டதாகப் பத்திரிகைக்கு எழுதினார். "நான் அந்த பிஷப்பின் கட்சி" என்கிறார் தோழி. ஆனால் கிரகம் கிரகமாக மக்கள் மாண்டு போகும் விண்வெளிச் சாகசங்களைக் கால்மேல் கால் போட்டுக்கொண்டு படிப்பவர் அவர்.

இரண்டு விதக் கதைகளிலும் ஏதோ ஒன்று நம்மை உறுத்துகிறது. பழி மட்டும் ஏன் வெவ்வேறு ஆள்மேல் விழுகிறது? 'வகை வேறு, எதிர்பார்ப்பு வேறு' என்ற பதில் வேண்டாம். அதை நானே எனக்குச் சொல்லிப் பார்த்துவிட்டேன், தூக்கம் வரவில்லை.

முறிவாய்வாளர் எழுதியது:

உடைந்த இயந்திரம் ஏன் உடைந்தது என்று அறிக்கை எழுதுவது என் தொழில். நாவல் படிக்கும்போதும் அந்தப் பழக்கம் விடுவதில்லை. வீட்டில் யாரும் என்னுடன் சேர்ந்து கதை பேசமாட்டார்கள்.

உங்கள் கேள்விக்கு நேராகப் பொருந்தும் ஒரு கதை உண்டு. டாம் காட்வின் 1954-இல் எழுதிய 'தி கோல்ட் ஈக்குவேஷன்ஸ்'. தொலைதூரக் கோள் ஒன்றில் நோயுற்ற சிலருக்கு மருந்து கொண்டுபோகும் சிறு கலம். விமானி ஒருவருக்கு மட்டுமே எரிபொருள் கணக்கிடப்பட்டிருக்கிறது. அண்ணனைப் பார்க்கும் ஆசையில் பதினெட்டு வயதுப் பெண் அதில் ஒளிந்துகொள்கிறாள். பிடிபட்டால் அபராதம் கட்டிவிடலாம் என்று நினைக்கிறாள். அவளுடைய எடையோடு கலம் பத்திரமாகத் தரையிறங்காது. அவளை வெளியே தள்ளியாக வேண்டும். தள்ளுகிறார்கள்.

காட்வின் அந்தப் பெண்ணைக் காப்பாற்ற ஏதேனும் உபாயம் கண்டுபிடித்து எழுதிக்கொண்டே இருந்தாராம். பத்திரிகை ஆசிரியர் ஜான் கேம்பல் கதையைத் திருப்பித் திருப்பி அனுப்பி, அவள் சாகும்வரை விடவில்லை. வாசகர்களோ இன்றுவரை அவளைக் காப்பாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். நாற்காலியைக் கழற்றி எறி, அலமாரிக் கதவை எறி, தேவையில்லாத கருவியை எறி என்று ஆளாளுக்கு ஒரு யோசனை.

நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். என்னிடம் அந்த அறிக்கையை எழுதக் கொடுத்தால் 'காரணம்: இயற்பியல்' என்று எழுதமாட்டேன். உயிர்போகும் இடத்துக்கு ஒரு எச்சரிக்கைப் பலகை மட்டும் மாட்டியிருக்கிறார்கள், பூட்டு இல்லை. புறப்படும் முன் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று யாரும் பார்க்கவில்லை. எரிபொருளில் இம்மியும் உபரி இல்லை. கதை சமன்பாட்டைக் குற்றம் சொல்கிறது. தப்பு செய்தது கலத்தை வடிவமைத்த நிர்வாகம். அதாவது, அந்தப் பெண் தப்பக்கூடிய கதவுகளையெல்லாம் ஆசிரியர் வெளியிலிருந்து அடைத்தார், அடைக்கும் சத்தம் நமக்குக் கேட்டுவிட்டது.

இப்போது அன்னா. அக்கால ரஷ்யச் சட்டப்படி, சோரம் போனதாகத் தீர்ப்பான தரப்பு மறுமணம் செய்ய முடியாது. ஆகவே அவளுக்கு வழி பிறக்க வேண்டுமானால் கணவன் கரேனின் பொய்யாகத் தன்மேல் பழியைப் போட்டுக்கொள்ள வேண்டும். எந்த விண்கலத்துக்கும் குறையாத கெடுபிடி இது. ஆனாலும் கவனியுங்கள்: அவள் பிரசவத்தில் சாகக் கிடந்து பிழைத்தபின், கரேனின் அதற்கும் சம்மதிக்கிறான். கதவு திறந்தேதான் இருக்கிறது. அன்னா அந்தக் கருணையை வாங்கிக்கொள்ள முடியாமல், விவாகரத்து இல்லாமலே காதலனோடு வெளிநாடு போகிறாள். பிற்பாடு அவளே வேண்டும் என்று கேட்கும்போது கரேனின் வேறு ஆளாகிவிட்டான். தூக்கத்தில் குறி சொல்லும் ஒருவனின் பேச்சைக் கேட்டு மறுத்துவிடுகிறான்.

உங்கள் நண்பர் அன்னாவைத் திட்டுவதற்குக் காரணம் இதுதான் என்பேன். அவள் போயிருக்கக்கூடிய வழியை டால்ஸ்டாய் அவருக்குக் காட்டிவிட்டார். வழியே இல்லாதவளின் மேல் யாருக்கும் கோபம் வராது, பரிதாபம்தான் வரும். அவர் கோபப்படுகிறார் என்றால் அன்னாவை நாவலுக்கு வெளியே நடமாடும் மனுஷியாகவே எடுத்துக்கொண்டுவிட்டார்.

ரயில் பொருத்தத்தை அவர் கேட்காமல் விட்டதில் எனக்கு ஆச்சரியமில்லை. அதனால் அவள் சாகவில்லையே. புயல் இல்லாவிட்டால் அந்த விண்வெளி வீரன் செவ்வாயில் தனியாக மாட்டியிருக்கவே மாட்டான்.

வளையவாசி எழுதியது:

ஓட்டை பிடிப்பவரை எல்லாரும் ரசனை கெட்டவர் போலப் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. லாரி நிவனின் 'ரிங்வேர்ல்ட்' 1970-இல் வந்தது. நட்சத்திரத்தைச் சுற்றி ஒரு பிரம்மாண்ட வளையம், அதன் உட்புறத்தில் உலகம். அடுத்த ஆண்டு நடந்த உலக அறிவியல் புனைகதை மாநாட்டில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக மாணவர்கள் "வளையம் நிலையற்றது!" என்று கோஷம் போட்டுக்கொண்டு விடுதித் தாழ்வாரங்களில் திரிந்தார்கள். லேசாக நகர்ந்தாலும் வளையம் நட்சத்திரத்தில் போய் மோதிவிடும் என்பது அவர்கள் கணக்கு, கணக்கு சரி. நிவன் என்ன செய்தார்? அதன் தொடர்ச்சியாக எழுதிய நாவலில் வளையத்தின் விளிம்பில் உந்துபொறிகளை வைத்தார். அவை காணாமல் போனதையே கதையாக்கினார். பிடிக்காத புத்தகத்துக்கு யாராவது உட்கார்ந்து சுற்றுப்பாதைக் கணக்குப் போடுவார்களா? உங்கள் நண்பரை விட்டுவிடுங்கள்.

ஏட்டுக்கட்டு எழுதியது:

துன்பியல் வாசகர்கள் ஆசிரியரைத் திருத்தவில்லை என்று யார் சொன்னது? ஷேக்ஸ்பியரின் 'லியர்' நாடகத்துக்கு 1681-இல் நேஹம் டேட் ஒரு நல்ல முடிவு எழுதினார். லியரின் மகள் கார்டீலியா சாவதில்லை, கல்யாணமே ஆகிறது. ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு மேடையை அந்த வடிவம்தான் ஆண்டது. சாமுவேல் ஜான்சன் போன்ற பெரிய விமர்சகரே, கார்டீலியாவின் மரணம் தந்த அதிர்ச்சியில் கடைசிக் காட்சிகளைப் பல ஆண்டுகள் திரும்பப் படிக்கவில்லை. பதிப்பாசிரியராக வேலை வந்தபோதுதான் படித்தார். பக்கமடிப்பவரின் தோழிக்குத் துணை பலமானது.

முறிவாய்வாளருக்கு ஒரு மறுப்பு. டேனியல் கீஸின் 'ஃப்ளவர்ஸ் ஃபார் அல்ஜெர்னான்' கதையில் கதவு திறந்திருக்கவும் இல்லை, அடைக்கும் சத்தமும் இல்லை. அறிவு குன்றிய சார்லி அறுவை சிகிச்சையால் மேதையாகிறான். அந்த மேதைமையைக் கொண்டே தனக்கு வரப்போகும் வீழ்ச்சியையும் கண்டுபிடிக்கிறான். நாமும் அவனோடு சேர்ந்து எழுத்துப் பிழைகள் திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். முடிவை மாற்றச் சொல்லி ஒரு பத்திரிகை ஆசிரியர் கேட்டார். கீஸ் மறுத்து, வேறு பத்திரிகையில் 1959-இல் வெளியிட்டார். அந்த அறுவை சிகிச்சை நடக்குமா என்று எந்த வாசகராவது மல்லுக்கு நின்று நான் பார்த்ததில்லை.

தொல்காப்பியர், மெய்ப்பாடு எனப்படும் உணர்ச்சி வெளிப்பாட்டைப் பேசும் மெய்ப்பாட்டியலில் வியப்புக்குப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்று நான்கு பிறப்பிடம் சொல்கிறார். அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. ஒன்று இன்னொன்றாக மாறுவது ஆக்கம். முன்பிருந்த நிலை கெட்டு வருந்துவது அசைவு. சார்லியின் கதையில் முதல் பாதிக்கு முன்னது, பின்பாதிக்குப் பின்னது. அறிவியல் புனைகதை, துன்பியல் என்று இரண்டு அலமாரி செய்தது பதிப்பாளர்கள்; மெய்ப்பாடு அலமாரி பார்த்து வருவதில்லை.

பக்கமடிப்பவர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. முறிவாய்வாளரின் கதவுக் கணக்கை ஜூட் தோழியிடம் சொன்னேன். கொஞ்சமும் தயங்காமல், "அதேதான், ஹார்டி கதவை அடைக்கும் சத்தம் எனக்குக் கேட்டது" என்றார். குழந்தைகளின் மரணத்துக்கு நாயகன் ஜூடையோ அவன் துணைவி சூவையோ அவர் குறை சொல்லவே இல்லை என்பது இப்போதுதான் உறைத்தது. எழுதியவரைத்தான் திட்டினார். ஆக வகையின்படி கோபம் பிரிகிறது என்ற என் கேள்வியே ஆட்டம் காண்கிறது.

ஏட்டுக்கட்டு ஐயாவின் மறுப்பு நியாயம்தான். சார்லிக்கு யாரைத் திட்டுவது என்று எனக்கும் தெரியவில்லை.

அடுத்த மாதம் யார் முறை என்பதில் குழப்பம் வந்ததால் இரண்டு கட்சிக்கும் பொதுவாக 'ஃபிராங்கன்ஸ்டைன்' என்று முடிவு செய்திருக்கிறோம். ஏதாவது எச்சரிக்கை உண்டா?

முறிவாய்வாளர் எழுதியது:

உண்டு. எல்லாரும் ஒரே பதிப்பை வைத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். மேரி ஷெல்லி 1818-இல் பெயர் போடாமல் வெளியிட்ட வடிவம் ஒன்று. 1831-இல் அவரே திருத்தியது இன்னொன்று. கடைகளில் இரண்டும் கலந்து கிடைக்கும். எலிசபெத் முதலாவதில், உயிரைப் படைக்கும் நாயகன் விக்டரின் அத்தை மகள், இரண்டாவதில் எடுத்து வளர்த்த அனாதை. அதை வைத்துச் சுலபமாக அடையாளம் காணலாம்.

உங்கள் குழுவுக்கு முக்கியமான வேறுபாடு வேறு. 1831 பதிப்பில் விக்டர் அடிக்கடி விதியின்மேல் பாரத்தைப் போடுகிறான். 1818-இல் அந்தச் சாக்கு குறைவு. படைத்த உயிர் கண் திறந்த இரவில் அறையைவிட்டு ஓடியது அவனாகச் செய்தது என்றே படுகிறது. செவ்வாய் நண்பருக்கு 1818-ஐக் கொடுங்கள், ஜூட் தோழிக்கு 1831-ஐ. பிணங்களிலிருந்து உயிர் எப்படி வரும் என்று நண்பர் ஆரம்பித்தால், அந்த முறையைச் சொல்லமாட்டேன் என்று விக்டரே கதைக்குள் மறுத்துவிடுகிறான் என்று பதில் வைத்துக்கொள்ளுங்கள்.

யார் யாரைத் திட்டினார்கள் என்று கூட்டம் முடிந்ததும் இங்கே வந்து எழுதுங்கள்.