மூளை அலைப் பதிவை வாசிக்கப் பழகுதல்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி

வணக்கம். ஈஈஜி (மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் சோதனை) எடுக்கும் பயிற்சியில் சேர்ந்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. தலையை அளந்து எலக்ட்ரோடுகளை ஒட்டக் கை பழகிவிட்டது. ஆனால் திரையில் ஓடும் கோடுகளில் எது இயல்பு, எது நோயின் அறிகுறி என்று பிரித்தறிய இயலவில்லை. சென்ற வாரம் நெற்றிப் பகுதியில் திரும்பத் திரும்ப வந்த பெரிய அலைகளை வலிப்பு அலைகள் என்று குறித்தேன். அவை வெறும் கண் சிமிட்டல்கள் என்று மூத்தவர் திருத்தினார். வாசிப்பதற்கு ஓர் ஒழுங்குமுறை உண்டா?

பதில் 1

வலிப்பு அலையைத் தேடிக்கொண்டு பதிவைத் திறக்காதீர்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். நோயாளியின் வயதையும், அவர் விழித்திருந்தாரா உறங்கினாரா என்பதையும் முதலில் பாருங்கள். நொடிக்கு 30 மில்லிமீட்டர் வேகம், மில்லிமீட்டருக்கு 7 மைக்ரோவோல்ட் என்ற வழக்கமான அமைப்பில் பதிவு இருக்கிறதா என்று சரிபார்த்த பிறகு, கண் மூடியிருக்கும் பகுதிக்குச் சென்று பின்தலை எலக்ட்ரோடுகளான ஓ1, ஓ2 ஆகியவற்றில் ஒரு நொடிக்கு எத்தனை அலைகள் என்று எண்ணுங்கள். விழித்திருக்கும் பெரியவருக்கு அது பெரும்பாலும் 8.5 முதல் 13 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். கண் திறந்ததும் அடங்க வேண்டும். ஜெர்மனியின் யேனா நகரில் 1924-இல் மனித மூளையின் அலைகளை முதன்முதலாகப் பதிவுசெய்து, 1929-இல் வெளியிட்ட ஹான்ஸ் பெர்கர் கண்டு விவரித்த ஆல்ஃபா அலை இதுவே. ஒரு வயதுக் குழந்தைக்கு இதே அலை 6 ஹெர்ட்ஸ் அளவில் இருப்பது இயல்பு. விழித்திருக்கும் நாற்பது வயதுக்காரருக்கு அவ்வாறு இருந்தால் கவலைப்பட வேண்டும். அடுத்து இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் ஒப்பிடுங்கள். எலக்ட்ரோடு பெயர்களில் ஒற்றைப்படை எண்கள் இடப்பக்கம், இரட்டைப்படை எண்கள் வலப்பக்கம் என்பதால் இது கடினமன்று. இயல்பான பதிவுகளை நூற்றுக்கணக்கில் பார்த்த கண்ணுக்குத்தான் இயல்பல்லாதது தானாகப் புலப்படும்.

பதில் 2

கண் சிமிட்டலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். விழியின் முன்புறம் பின்புறத்தைவிட நேர்மின் தன்மை கொண்டது. இமை மூடும்போது விழி மேல்நோக்கி உருள்வதால் அந்த நேர்மின் தன்மை நெற்றி எலக்ட்ரோடுகளை நெருங்குகிறது. ஈஈஜியில் எதிர்மின் மேலே, நேர்மின் கீழே என்பது மரபாகையால், முன்னிருந்து பின்னாகச் செல்லும் இணைப்பில் அலை கீழ்நோக்கி விழும். பின்தலைக்குச் செல்லச் செல்ல விரைவில் மங்கிவிடும். ஐயம் தீரவில்லை என்றால் கண்ணுக்குக் கீழே ஓர் எலக்ட்ரோடு ஒட்டிப் பாருங்கள். விழி அசைவு எனில் கண்ணுக்கு மேலும் கீழும் உள்ள எலக்ட்ரோடுகளில் அலை எதிரெதிர்த் திசைகளில் எழும். மூளையிலிருந்து வருவது எனில் இரண்டும் ஒரே திசையில் எழும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி, ஐயா. திசை ஏன் மாறுகிறது என்பது இப்போதுதான் விளங்கியது. எலக்ட்ரோடுகளை வரிசையாக இணைத்த ஒரே சங்கிலியில் அடுத்தடுத்த இரு கோடுகள் ஒன்றையொன்று நோக்கி முனை திரும்பினால், அதாவது ஃபேஸ் ரிவர்சல் தெரிந்தால், அதை நோய்க்குறி என்று எழுதலாமா?

பதில் 1

கூடாது. அது மின்னழுத்தம் எந்த எலக்ட்ரோடின் அருகே உச்சம் அடைகிறது என்பதை மட்டுமே காட்டும். உறக்கத்தில் உச்சந்தலையில் தோன்றும் இயல்பான வெர்டெக்ஸ் அலைகளிலும் அதைக் காணலாம். உண்மையான ஸ்பைக், அதாவது வலிப்பைச் சுட்டும் கூர் அலை, பின்புல அலைகளிலிருந்து தனித்துக் கூர்மையாக எழும். அதன் பின்னே பெரும்பாலும் ஒரு மெதுவான அலை வரும். அக்கம்பக்க எலக்ட்ரோடுகளிலும் அதன் தடம் தெரியும். ஒரே ஓர் எலக்ட்ரோடில் மட்டும் திடீரெனத் துள்ளினால் முதலில் அதன் ஒட்டலைச் சோதியுங்கள். தவறாக ஸ்பைக் என்று எழுதப்பட்ட ஒரு வரியால் ஒருவர் தேவையற்ற மருந்தை ஆண்டுக்கணக்கில் உட்கொள்ள நேரலாம் என்பதால், ஐயமுள்ள இடத்தில் முடிவை எழுதாமல் நேரத்தைக் குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

பதில் 3

பதிவின்போதே "கண் திறந்தார்", "இருமினார்", "தலையை அசைத்தார்" என்று அந்தந்த நொடியில் குறித்துவிடுங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சார இரைச்சல் வந்தால் உடனே ஃபில்டரைப் போட்டு மறைக்காமல், எந்த எலக்ட்ரோடின் தொடர்பு மோசமாக இருக்கிறது என்று கண்டறிந்து, அந்த இடத்தைத் துடைத்து மீண்டும் ஒட்டுங்கள்.