மறுமொழி: சோக் – வாய்ச்சுருக்கா, வாய்க்குறுக்கியா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் காட்டு வான்கோழி வேட்டைக்குப் போகும் தமிழர்களுக்கான கையேட்டுச் சொற்பட்டியல் 'சோக்' (துப்பாக்கிக் குழலின் முனையைக் குறுக்கும் பாகம்) என்ற இந்த ஒரே சொல்லுக்குத் தமிழ் முடிவாகாமல் நின்றுபோயிருக்கிறது. நேற்று வந்த மடலிலிருந்து:

> சுருக்குப்பை எல்லோருக்கும் தெரியும். நாடாவை இழுத்தால் வாய் சிறுக்கும். குழலின் வாயைச் சிறுக்க வைக்கும் சோக்கும் அதே வேலையைத்தானே செய்கிறது? 'வாய்ச்சுருக்கு' என்று முடித்துவிடலாம்.

உவமை அழகானது ஐயா. ஆனால் வேட்டை என்று வந்துவிட்டால் சுருக்கு என்பது கண்ணி. 'சுருக்கு வைத்தான்' என்றாலே கம்பியில் முடிச்சுப் போட்டுக் காலையோ கழுத்தையோ பிடிப்பதுதான் நம் மனதில் வரும். வான்கோழியை அப்படிப் பிடிப்பது அங்கே குற்றம். 'வாய்ச்சுருக்குப் பயன்படுத்தலாம்' என்று ஒரு சட்டக் கையேட்டில் அச்சாவதை நினைத்தால் எனக்குப் பதறுகிறது. 'சோக்' என்றே விட்டுவிடலாம் என்று சொன்னவர்களுக்கும் ஒரு வார்த்தை: நம் ஊரில் அது டியூப் லைட்டிலும் பழைய ஸ்கூட்டரிலும் இருக்கிறது. துப்பாக்கியில் அது என்ன செய்கிறது என்பதை அந்த ஒலி சொல்வதில்லை.

என்ன செய்கிறது? 12 கேஜ் (கேஜ் என்பது குழலின் பருமனைச் சொல்லும் எண்) குழலின் உள்விட்டம் சுமார் 18.5 மி.மீ. முனையில் 0.9 மி.மீ. அளவுக்குக் குறுகினால் அமெரிக்கர்கள் அதை 'ஃபுல்' என்கிறார்கள். வான்கோழிக்கென்றே விற்கும் திருகு சோக்குகள் 1.5 மி.மீ.க்கும் மேல் குறுக்கும். இவ்வளவு தேவைப்படுவதற்குக் காரணம் பறவையின் உடம்பு. தடித்த இறகுக்கும் நெஞ்சுச் சதைக்கும் உள்ளே ரவை, அதாவது தோட்டாவிலிருந்து சிதறும் சிறு குண்டுகள், ஆழமாகப் போகாது. அடிபட்ட பறவை ஓடிப்போய் எங்கோ கிடந்து சாகும். அதனால் தலையையும் கழுத்தையும் மட்டுமே குறிவைக்க வேண்டும். 40 கெஜத்தில் 10 அங்குல வட்டத்துக்குள் 100 ரவையாவது விழ வேண்டும் என்பது வேட்டைக்காரர்களிடையே பரவலாக உள்ள கணக்கு. இதைத் தாளில் சுட்டுப் பார்க்காமல் யாரும் காட்டுக்குப் போகக்கூடாது. அதிகம் குறுக்கினால் நல்லது என்றும் இல்லை. முதல் வருடம் பன்னிரண்டு அடி வைத்தால் தொட்டுவிடும் தூரத்தில் நின்ற சேவலைத் தவறவிட்டேன். அந்தத் தூரத்தில் ரவை முழுவதும் ஒரு கைப்பிடி அளவுக்குத்தான் விரிந்திருந்தது.

ஆகவே என் முன்மொழிவு: கருவிக்கு வாய்க்குறுக்கி, அளவுக்குக் குறுக்கம்.

குறுக்கம் நம் இலக்கணத்தில் ஏற்கெனவே புழங்கும் சொல். மகரக்குறுக்கம் என்றால் மகரம் தன் அரை மாத்திரையிலிருந்து கால் மாத்திரையாகக் குறைவது. சிறுப்பதைக் காலும் அரையுமாக அளக்கும் வழக்கம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. பிரிட்டிஷ்காரர்களும் சோக்கைக் கால், அரை, முக்கால், முழு என்றுதான் சொல்கிறார்கள். அமெரிக்கர்களின் 'இம்ப்ரூவ்டு சிலிண்டர்', 'மாடிஃபைடு' போன்ற பெயர்களை மொழிபெயர்த்துத் திண்டாட வேண்டாம். கால்குறுக்கம், அரைக்குறுக்கம், முழுக்குறுக்கம் என வைப்போம். வான்கோழிக்கான அதிகப்படிக்கு மிகைக்குறுக்கம். 'மிகைக்குறுக்கியில் ஒற்றைக்குண்டுத் தோட்டா போடாதே' என்ற எச்சரிக்கையும் அப்போது படித்தவுடன் புரியும்.

இன்னொரு மடல்:

> யாழ்ப்பாணப் பக்கம் ரவை என்றால் ரைஃபிள் ரவையையும்தான் சொல்லுவம். குழப்பம் வராதா?

வரும் அண்ணா. தமிழ்நாட்டில் நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் 'பால்ரஸ்' என்பார்கள். அது ஈழத்து வாசகருக்குப் புரியாது. கையேட்டின் முதல் பக்கத்திலேயே 'தோட்டாவுக்குள் நிறைந்திருக்கும் சிறு குண்டுகளை இங்கே ரவை என்கிறோம்' என்று எழுதிவிட்டால் போதும் என்பது என் எண்ணம். ரைஃபிளுக்கு நாம் 'குண்டு' என்றே எழுதுவோம். இரண்டையும் பிரித்துக் காட்டுவது இங்கே உயிர் போகும் விஷயம். வான்கோழி வேட்டைக்காரர் உடம்பு முழுக்க இலை நிற உடையில் மரத்தடியில் உட்கார்ந்து, பெட்டைபோல் குரல் கொடுப்பார். அந்தக் குரலைக் கேட்டு இன்னொரு வேட்டைக்காரர் வரலாம். .22 குண்டுகூட ஒரு மைலுக்கு மேல் போகும். ரவையின் வீச்சு அதில் சிறு பங்குதான். பல மாநிலங்கள் வசந்தகால வான்கோழி வேட்டையில் ரைஃபிளை அனுமதிக்காததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வரைவில் உடனே திருத்த வேண்டிய ஒரு வரி இருக்கிறது: 'எண் 4க்கு மேற்பட்ட ரவை கூடாது'. இது பென்சில்வேனியா விதியைத் தலைகீழாக்கிவிடுகிறது. ரவை எண் கூடக் கூடப் பருமன் குறையும். 6ஆம் எண் 4ஐவிடச் சிறியது. திருப்பூரில் நூல் கவுண்ட் தெரிந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். விதி சொல்வது, ஈய ரவை 4ஆம் எண்ணைவிடப் பருமனாக இருக்கக்கூடாது என்பது. எந்த இடத்திலும் 'மேல்', 'கீழ்' என்று எழுதாமல் 'பருமனான', 'சிறிய' என்றே எழுத வேண்டுகிறேன். கேஜுக்கும் இதே தலைகீழ்க் கணக்குதான்: 20 கேஜ் 12ஐவிடச் சிறிய குழல். இப்போது டங்ஸ்டன் ரவை வந்த பிறகு 20 கேஜும் வான்கோழிக்குத் தாராளமாகப் போதும். ஈயத்தின் அடர்த்தி 11 என்றால் அதன் அடர்த்தி 18. அதனால் 2 மி.மீ. பருமனுள்ள 9ஆம் எண் ரவையே வேலையை முடித்துவிடும்.

அப்புறம், எச்1பி போன்ற விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு பெட்டிச் செய்தி அவசியம். கூட்டாட்சிச் சட்டப்படி அவர்கள் துப்பாக்கி வைத்திருக்கப் பொதுவாகத் தடை உண்டு. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது அதற்கு ஒரு விதிவிலக்கு. நண்பரின் துப்பாக்கியைக் கையில் வாங்குவதற்கு முன்பே உரிமம் எடுத்திருக்க வேண்டும்.

தாளில் சுட்டுப் பார்ப்பதற்கு 'பரவல் பார்த்தல்' என்று எழுதியிருக்கிறேன். இதைவிட நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள். வாய்க்குறுக்கிக்கு மறுப்பு இருந்தால் அதையும் இந்த இழையிலேயே எழுதுங்கள், பட்டியலில் மாற்றிவிடுகிறேன்.