புதுப்பிப்பு: கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டுல நீட் ஆன்சர் பாத்து அழுதேன்னு சொன்னேன்ல

தெரியாதவங்களுக்கு: நான் கோயம்புத்தூர் சென்டர், தமிழ் புக்லெட். ஃப்ரெண்டு பாலக்காட்டுல மலையாளத்துல எழுதுனா. அன்னைக்கு சாயங்காலமே டீக்கடை பெஞ்சுல உக்காந்து பிசிக்ஸ் 45ஐயும் ஒப்பிட்டோம், கேள்வித்தாள் கோட் வேற வேறங்கறதால கேள்வி நம்பர் மாறிக் கெடக்கும், படத்த வச்சுத்தான் தேடுனோம், 11 ஆன்சர் ஒத்துப்போகல. பதினொண்ணும் எனக்குத் தப்புன்னா, ஒவ்வொண்ணுக்கும் 4 போயி மைனஸ் 1 வேற, மொத்தம் 55 மார்க்கு. ராத்திரி சோறே எறங்கல.

இப்ப அஃபீஷியல் ஆன்சர் கீ, அதான் விடை லிஸ்ட்டு, வந்துருச்சு. அம்மா நம்பர் வாசிக்க வாசிக்க நான் ஓஎம்ஆர் (விடைத்தாள்) காப்பில டிக் அடிச்சேன். அந்த 11ல 7 எனக்கு சரி! 3 தப்பு. மிச்சம் ஒண்ணுல கீயே தப்புன்னு எங்க சாரும் சொல்றாரு, என்சிஇஆர்டி புக்க காட்டி சேலஞ்ச் பண்றோம், அதுக்குக் கட்டுற 200 ரூபா திரும்பி வராது, பரவால்ல.

ஆனா அந்த ஏழும் அவளுக்குப் போச்சே. அன்னைக்கு என்னைத் தேத்துனதே அவதான். நேத்து அவ வீட்டுக்குப் போயி புக்லெட்ட பாத்தேன், ஓரத்துல பொடி எழுத்துல கணக்கு அத்தனையும் சரியா போட்டுருக்கா, ஒண்ணுல கடைசி வரில பத்தோட அடுக்குல மைனஸ் மட்டும் விட்டுப் போச்சு. ரெண்டு பேருமே ரொம்ப நேரம் பேசல. கெமிஸ்ட்ரி அவளுக்கு நல்லா வந்துருக்கு, அதுல ஏறிடுவான்னு நம்பறேன்.